வெறும் வயிற்றில் 112, மூன்று மாதக் கணக்கில் 8.6

வெள்ளவத்தையிலிருந்து ஒரு கடிதம். எழுதியவருக்கு 47 வயது, புறக்கோட்டையில் ஒரு துணி மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறார். பெயர் போட வேண்டாம் என்கிறார். நான்கு பக்கத்தைச் சுருக்கித் தருகிறேன்:

"டொக்டர், எனக்குச் சீனி வருத்தம் வந்து ஏழு வருடம். மெட்ஃபோமின் 500 காலையும் இரவும் போடுகிறேன், இரவுக் குளிசை சில நாள் மறந்துபோகும். கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போதே சோற்றை நிறுத்திவிடுவேன். குரக்கன் புட்டு, கீரை, அவ்வளவுதான். சீனி வாயில் வைப்பதில்லை. இந்த முறை வெறும் வயிற்றில் 112. கிளினிக் டொக்டர் சந்தோஷப்படுவார் என்று போனால், எச்.பி.ஏ.1சி 8.6 ஆக இருக்கிறது, குளிசையைக் கூட்டவேண்டும் என்கிறார். லாபில் பிழை விட்டிருப்பார்களா? பின்னேரம் ஐந்து மணியளவில் எனக்குக் கை நடுங்கும். ஒரு டொஃபி போட்டால் சரியாகிவிடும். அப்படியென்றால் சுகர் குறைகிறது என்றுதானே அர்த்தம்? பிறகு எதற்குக் குளிசையைக் கூட்டுவது? மாமி கொத்தலஹிம்புட்டு மரத்தில் கடைந்த கோப்பையில் தண்ணீர் வைத்துக் குடிக்கச் சொல்கிறார். குளிசையை விட்டுவிட்டு அதைக் குடிக்கலாமா? மனைவி எனக்கென்று தனியாகச் சமைத்துக் களைத்துவிட்டா. ஞாயிற்றுக்கிழமைகளில் காலிமுகத்திடலில் ஒரு மணித்தியாலம் நடக்கிறேன். இதற்கு மேல் என்ன செய்வது?"

தம்பி, (என் கடைசித் தம்பியை விட நீங்கள் இளையவர், அதனால் அப்படியே கூப்பிடுகிறேன்) லாபில் பிழை இல்லை. 112உம் சரி, 8.6உம் சரி.

வெறும் வயிற்றுச் சோதனை காட்டுவது அந்த ஒரு விடியற்காலையை மட்டும். எச்.பி.ஏ.1சி காட்டுவது கடந்த இரண்டு மூன்று மாதத்தை. இரத்தத்தின் சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் இரத்தத்தில் ஓடுகிற குளுக்கோஸ் அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே வரும், ஒட்டியது கழலாது. நீங்கள் கணக்குப் பார்க்கிறவர், இது உங்களுக்குச் சட்டென்று விளங்கும்: ஒன்று இன்று காலை கல்லாப்பெட்டியில் இருந்த காசு, மற்றது காலாண்டுப் பேரேடு. மூன்று நாள் சோற்றை விட்டால் கல்லாப்பெட்டி மாறும். பேரேடு மாறாது.

8.6 என்றால் இரவு பகல் எல்லாம் சேர்த்த சராசரி, டெசிலீற்றருக்கு 200 மில்லிகிராம் அளவில் இருந்திருக்கிறது. உங்கள் வயதுக்காரருக்கு நாங்கள் 7க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்போம், அதன் சராசரி 154. விடியும்போது 112 இருந்த மனிதருக்குச் சராசரி 200 வருகிறது என்றால், மிச்ச நேரத்தில் எங்கோ 200ஐ நன்றாகத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த 112கூட மூன்று நாள் குரக்கனும் கீரையும் வாங்கித் தந்த எண். மற்ற நாட்களில் உங்கள் காலை எண் என்னவென்று உங்களுக்கே தெரியாது.

இந்த மூன்று நாள் வித்தையை நீங்கள் மட்டும் செய்வதாக நினைக்காதீர்கள். கொட்டாஞ்சேனையில் நான் கிளினிக் பார்த்த காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட ரிப்போர்ட் காட்டுகிற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். எங்களிலும் பிழை இருக்கிறது. எண் கூடினால் ஏசுகிறோம், அதனால் ஆட்கள் எண்ணை ஆயத்தம் செய்துகொண்டு வருகிறார்கள். நட்டம் என்னவோ அவர்களுக்குத்தான். 112ஐ மட்டும் பார்க்கிற வைத்தியர் "நல்லது, இப்படியே போடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அப்படியே இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். இந்த முறை உங்கள் டொக்டர் மற்றச் சோதனையையும் செய்தது உங்கள் அதிர்ஷ்டம்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். இரத்தச்சோகையோ தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயோ இருந்தால், அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால், எச்.பி.ஏ.1சி சரியான எண்ணைக் காட்டாமல் போகலாம். முழு இரத்தச் சோதனை ஒன்றை ஒரு தடவை செய்து பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

சரி, அந்த 200க்கு மேலே போகிற நேரம் எது? நீங்கள் எழுதி அனுப்பிய ஒரு நாள் சாப்பாட்டை வைத்துக்கொண்டு தேடினேன். காலையில் பத்து இடியப்பம், சொதி, சம்பல். மத்தியானம் கடைப் பார்சல். இரவு ஒன்பதரைக்குப் புட்டு, இல்லாவிட்டால் அரை றாத்தல் பாணும் பருப்பும். காலத்துக்குக் கறுத்தகொழும்பான் மாம்பழம் ஒன்று. இதில் பலகாரம் இல்லை, சோடா இல்லை. பார்க்க ஒழுங்கான சாப்பாடுதான். ஆனால் மூன்றாம் பக்கத்தில், ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "கடையில் பொடியன் கொண்டுவருகிற பால் தேத்தண்ணி மூன்று தரம் குடிப்பேன், அதைச் சாப்பாட்டில் சேர்க்கத் தேவையில்லைதானே."

தேவை தம்பி. முதலில் சேர்க்க வேண்டியதே அதுதான்.

புறக்கோட்டைக் கடைத் தேத்தண்ணி எனக்குத் தெரியும். கடைப் பையன் சீனியைக் கரண்டியால் அளக்க மாட்டான், கையைச் சாய்ப்பான். குறைத்துச் சொன்னாலும் ஒரு கிளாசுக்கு மூன்று தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டியில் நான்கு, ஐந்து கிராம் வரும். மூன்று கிளாசுக்கும் சேர்த்து நாற்பது கிராம் வரை போகும். சாப்பாட்டிலும் குடிப்பதிலும் சேர்க்கிற சீனியை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதுவும் சீனி வருத்தம் இல்லாத ஆளுக்கு. பால்மாவுக்குப் பதில் டின்பால் ஊற்றினால் இன்னும் மோசம், டின்பாலின் நிறையில் ஏறத்தாழப் பாதி சீனி. திரவமாகப் போவதால் வயிற்றில் தங்காமல் உடனே இரத்தத்தில் ஏறும். பத்து மணிக்கு ஒன்று, ஒரு மணிக்குப் பார்சலோடு ஒன்று, மூன்றரைக்கு ஒன்று. இறங்க நேரமே கொடுக்காமல் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

நாளைக்கே சீனியை நிறுத்துங்கள் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நான்கு நாள் செய்வீர்கள், ஐந்தாம் நாள் பழைய கிளாஸ் வந்துவிடும். பையனிடம் சீனியைப் புறம்பாகக் கொண்டுவரச் சொல்லுங்கள், நீங்களே கரண்டியால் போடுங்கள். வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள். நாக்கு அவ்வளவு பிடிவாதக்காரன் இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பழைய தேத்தண்ணியைக் குடித்தால் உங்களுக்கே பாயசம் மாதிரி இருக்கும். ஒரு மணி கிளாசை இஞ்சி போட்ட வெறும் பிளேன்டீயாக்கினால் வேலை இன்னும் சுலபம். ஆட்கள் வீட்டுக்குப் போனால் கேத்தில் அடுப்பில் ஏறும்போதே "எனக்குச் சீனி வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். கலக்கிக் கொண்டுவந்த பிறகு சொன்னால் வீட்டுக்காரருக்கும் மனக்கஷ்டம், நீங்களும் முகத்துக்காகக் குடிப்பீர்கள்.

இந்த இடத்தில் இன்னும் இரண்டு பழைய நம்பிக்கைகளைத் தொட்டுவிடுகிறேன். பனங்கட்டியும் கித்துள் கருப்பட்டியும் தேனும் சீனி இல்லை என்று சொல்பவர்கள் கொழும்பில் இன்னும் இருக்கிறார்கள். மணம் வேறு, ருசி வேறு, இரத்தத்தில் செய்கிற வேலை ஒன்றுதான். அப்புறம், கிறீம் கிறாக்கர். அது எப்படிச் சீனி வருத்தக்காரரின் பிஸ்கட் ஆனதென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வாட்டில் படுத்திருக்கிறவரைப் பார்க்க வருகிற எல்லாரும் அதில் ஒரு பக்கற் கொண்டுவருவார்கள். இனிக்கவில்லைதான். ஆனால் அது தீட்டிய கோதுமை மா, வாயில் வைத்த கொஞ்ச நேரத்தில் குளுக்கோஸ். பசிக்கிறதென்றால் ஒரு பிடி அவித்த கடலையோ கச்சானோ எவ்வளவோ மேல்.

குரக்கனுக்கும் அதே கதை. நல்ல தானியம், நார் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் "குரக்கன்தானே" என்று கோப்பை நிறையப் புட்டுச் சாப்பிட்டால் அதுவும் மாப்பொருள்தான். சிவப்பரிசியும் அப்படியே. எது என்பதை விட எவ்வளவு என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. அவித்த சோறு ஒரு சாதாரணக் கோப்பை அளவில் 45 கிராம் வரை மாப்பொருள் இருக்கும். அரை றாத்தல் பாணில் அது நூறு கிராமைத் தாண்டும். இரவு ஒன்பதரைக்கு அதைச் சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்குப் படுக்கிறீர்கள். இரவு முழுக்க அது எங்கே போகும்?

கடைப் பார்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாரத்தில் ஆறு நாள் உங்கள் மத்தியானம் அதுதான். தாளைப் பிரித்தால் சோறு ஒரு மலை, ஓரத்தில் பருப்பு, ஒரு கரண்டி போஞ்சி, ஒரு துண்டு மீன், நொறுங்கின அப்பளம். சாப்பிடத் தொடங்குவதற்கு முன், கை வைக்காமல், சோற்றில் பாதியை ஒதுக்குங்கள். தொடங்கிய பிறகு ஒதுக்கலாம் என்று நினைத்தால் நடக்காது, எனக்கே நடப்பதில்லை. ஒதுக்கினதைப் பக்கத்து மேசைப் பையனுக்குக் கொடுங்கள், அவனுக்கு இருபது வயது, செரிக்கும். வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் வல்லாரைச் சம்பலோ முருங்கையிலை வறையோ கொண்டுபோங்கள், முடிந்தால் அவித்த முட்டையும் ஒன்று. சாப்பிடும்போது மரக்கறியையும் மீனையும் முதலில் முடித்துவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வாருங்கள். அதே சாப்பாடு, அதே அளவு, ஒழுங்கை மட்டும் மாற்றினாலே சாப்பிட்ட பிறகு சுகர் ஏறுவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிசைந்து சாப்பிட்டுப் பழகிய கைக்கு இது ஒரு மாதிரித்தான் இருக்கும். முழுதாக முடியாவிட்டால், முதல் நான்கு வாயாவது மரக்கறியாக இருக்கட்டும்.

இடியப்பத்தைப் பத்திலிருந்து ஆறாக்கி, மிச்ச இடத்துக்குப் பருப்பும் முட்டையும் வையுங்கள். சொதிக்கும் சம்பலுக்கும் நான் எதிரியில்லை. கறுத்தகொழும்பானையும் விட வேண்டாம், அதை விடச் சொல்கிற மனசு எனக்கில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு மேலே ஒரு முழுப் பழம் என்பதை மாற்றி, பகலில் இரண்டு துண்டு என்று வையுங்கள், ஜூஸ் அடிக்காமல். செவ்விளநீரும் தண்ணீர் இல்லை, அதிலும் சர்க்கரை இருக்கிறது. போத்தல் பானம் வாங்கினால் லேபிளில் உள்ள நிறத்தைப் பாருங்கள். 2016 முதல் இலங்கையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று போடுகிறார்கள். சிவப்பு என்றால் நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி.

அடுத்தது உங்கள் ஞாயிற்றுக்கிழமை நடை. நல்லதுதான். ஆனால் நடந்த பலன் தசையில் ஒரு நாள், கூடினால் இரண்டு நாள் நிற்கும். ஞாயிறு நடந்தது செவ்வாயோடு முடிந்துவிடும், புதன் முதல் சனி வரை கடன்தான். (முடிந்ததும் அந்த இறால் வடைக் கடைப் பக்கம் போவீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.) உங்களுக்கு நான் எழுதித் தருகிற மருந்து இது: இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டுவாருங்கள். கை கழுவினவுடன் செருப்பை அல்ல, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கி, மரைன் டிரைவில் கடல் பக்கமாகப் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். வேகம் தேவையில்லை, மனைவியோடு கதைத்துக்கொண்டு நடக்கலாம். காலில் உள்ள பெரிய தசைகள் வேலை செய்யும்போது இன்சுலினின் உதவியில்லாமலேயே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். சாப்பாடு இரத்தத்தில் ஏறுகிற அதே நேரத்தில் அதை இறக்கிவைக்க ஆள் வைத்த மாதிரி. விடியற்காலை நடையை விட உங்களுக்கு இதுதான் பொருத்தம், ஏனென்றால் உங்கள் பிரச்சினை சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுவதில் இருக்கிறது.

மழை என்று சொல்வீர்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரமானால் இடியும் மின்னலும்தான், தெரியும். தொடர்மாடியில் இருக்கிறீர்கள், நடைக்கூடம் இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது. முழங்கால் நோகாவிட்டால் நான்கு மாடியை இரண்டு தரம் ஏறி இறங்கினால் போதும். கோட்டை ரயிலில் இறங்கிக் கடைக்கு நடக்கிறீர்களே, அதையும் கணக்கில் சேருங்கள். எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு 150 நிமிடம் வந்தால் சரி. நிறை 82 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் ஐந்து கிலோ குறைவதே சுகரில் தெரியும், அதற்கு மேல் இப்போது யோசிக்க வேண்டாம்.

பின்னேர நடுக்கத்துக்கு வருகிறேன். மெட்ஃபோமின் மட்டும் போடுகிற ஆளுக்குச் சுகர் 70க்குக் கீழே போவது அபூர்வம். இன்சுலினைச் சுரக்கத் தூண்டுகிற கிளிக்லசைட் மாதிரிக் குளிசையோ இன்சுலினோ போடுகிறவருக்கு என்றால் நான் உடனே பயப்படுவேன், உங்களுக்கு அவ்வளவு இல்லை. பல மாதம் 200இலேயே ஓடிப் பழகிய உடம்பு, 110க்கு இறங்கினாலே "குறைந்துவிட்டது" என்று கூச்சல் போடும். மூன்றரைத் தேத்தண்ணி மளமளவென்று ஏற்றிவிட்டு, ஐந்து மணிக்கு இறங்குகிறது. அந்த இறக்கத்தைத்தான் நீங்கள் நடுக்கமாக உணர்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டொஃபி அதைத் திரும்ப ஏற்றுகிறது. ஆனால் நான் நினைப்பதை நம்பவேண்டாம், சுகர் பார்க்கிற மீற்றரை நம்புங்கள். அடுத்த முறை நடுங்கினால் டொஃபிக்கு முன் விரலைக் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், அந்த எண்ணைக் கட்டாயம் உங்கள் டொக்டரிடம் சொல்லுங்கள். 100க்கு மேலே என்றால் ஒரு பிடி கடலையைக் கொறித்துவிட்டு இருங்கள், நடுக்கம் அடங்கிவிடும். சுகர் இறங்க இறங்க, சில வாரத்தில் உடம்பும் புது அளவுக்குப் பழகும்.

குத்துவதற்கு முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். இதை எல்லாரும் சொல்வார்கள், யாரும் செய்வதில்லை. போன வருடம் ஓர் அம்மா 290 என்று பதறிக்கொண்டு வந்தார். முகத்தைப் பார்த்தால் 290 உள்ள ஆள் மாதிரித் தெரியவில்லை. கையைப் பிடித்தேன், பிசுபிசுத்தது. பேரப்பிள்ளைக்கு மாம்பழம் வெட்டிக் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு குத்தியிருக்கிறார். கழுவிவிட்டுப் பார்த்தோம், 148.

மீற்றரில் செருகுகிற ஸ்ட்ரிப்பின் விலை எனக்குத் தெரியும், நாளுக்கு நான்கு தரம் குத்தச் சொல்ல மாட்டேன். ஒரு வாரத்துக்கு எட்டு ஸ்ட்ரிப் ஒதுக்குங்கள். திங்கள் காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலம் கழித்து ஒன்று. புதன் மத்தியானப் பார்சலுக்கு அதே மாதிரி. வெள்ளி இரவுக்கு அதே மாதிரி. மிச்ச இரண்டும் ஐந்து மணி நடுக்கத்துக்கு. சாப்பிட்ட பின் 180க்குக் கீழே நின்றால் அந்தச் சாப்பாட்டோடு சண்டை வேண்டாம். 240, 260 என்று போகிற சாப்பாடு எதுவோ, மாற்ற வேண்டியது அதைத்தான். என் ஊகம் பார்சலும் பாணும். ஆனால் எத்தனையோ தரம் என் ஊகம் பிழைத்திருக்கிறது.

குளிசையைக் கூட்டுவது தண்டனை இல்லை. நாளுக்கு 1000 மில்லிகிராம் போடுகிறீர்கள், மெட்ஃபோமின் வழக்கமாக 2000 வரைக்கும் போகிற மருந்து. எவ்வளவு கூட்டுவது என்பதை உங்கள் சிறுநீரகச் சோதனையைப் பார்த்து உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும், நான் தூர இருந்து சொல்வது முறையில்லை. ஆனால் அவரிடம் ஓர் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: இரவுக் குளிசை மறந்துபோகிறது என்று. மறந்த குளிசைக்கு மேலே இன்னொன்றைக் கூட்டி என்ன பயன்? சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் வையுங்கள், சாப்பாட்டோடு போடுங்கள். மறந்தால் அடுத்த நாள் இரட்டிப்பாகப் போட வேண்டாம். வயிற்றைக் குழப்புகிறது என்றால் மெதுவாகக் கரைகிற வகை இருக்கிறது, கேளுங்கள். ஏழு வருடம் போட்டிருக்கிறீர்கள், விற்றமின் பி12 அளவையும் ஒரு தரம் பார்த்துவிடுவது நல்லது, இந்த மருந்தில் அது குறையக்கூடும். குளிசை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் சொல்வார். கெடுப்பது கட்டுப்படாத சீனிதான்.

மாமியின் கோப்பையை நான் பகிடி செய்ய மாட்டேன். கொத்தலஹிம்புட்டு வெறும் கதை இல்லை. மாப்பொருள் உடைவதைக் குடலில் தாமதப்படுத்துகிற பொருள் அதில் இருக்கிறது, அகார்போஸ் என்ற குளிசை செய்கிற அதே மாதிரி வேலை. ஆனால் குளிசையில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது. கோப்பையில் எவ்வளவு இறங்குகிறதென்று யாருக்கும் தெரியாது. புதுக் கோப்பையில் ஒரு அளவு, ஆறு மாதம் ஊறின கோப்பையில் வேறு அளவு. 8.6 இருக்கிற நேரத்தில் மெட்ஃபோமினை விட்டுவிட்டு அதை நம்புவது சரியில்லை. மாமியின் மனம் நோகாமல் குடிக்கத்தான் வேண்டும் என்றால், குளிசையைத் தொடர்ந்துகொண்டு, டொக்டரிடமும் சொல்லிவிட்டுக் குடியுங்கள். பிறகு வேறு குளிசை ஏதாவது சேர்த்தால், சுகர் மட்டுமீறிக் குறைந்துபோகிற ஆபத்து அப்போதுதான் வரும்.

மனைவிக்கு ஒரு செய்தி: தனிச் சமையலை இன்றோடு விட்டுவிடுங்கள். மேலே நான் எழுதியதில் சீனி வருத்தக்காரருக்கு மட்டும் என்று ஒன்றுமே இல்லை. வீட்டில் எல்லாருக்கும் ஒரே பானை, ஒரே கறி. கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ, கால்வாசி சோறு. பிள்ளைகளுக்குச் சோற்றைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். அப்பாவுக்கு இருக்கிறபடியால் பிள்ளைகளுக்கும் வருகிற வாய்ப்புக் கூட, இப்போதே இப்படிச் சாப்பிட்டுப் பழகினால் நல்லதுதானே. நீங்களும் உங்கள் சுகரையும் பிரஷரையும் ஒரு தரம் பாருங்கள். அரச வைத்தியசாலைகளில் இருக்கிற ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டரில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள்.

கடிதத்தின் கடைசியில், இந்த வருடம் இரண்டு தரம் கண்ணாடி மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவதை வாங்காதீர்கள். சுகர் ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லையும் ஊதிச் சுருங்கும், பார்வை மாறிக்கொண்டே இருக்கும். சுகர் ஒரு நிலைக்கு வந்த பிறகு அளவெடுங்கள். ஆனால் கண்ணின் உட்புறத்தை, மருந்து விட்டுப் பார்க்கிற விழித்திரைச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். ஏழு வருடத்தில் ஒரு தரமும் செய்யவில்லை என்றால் இந்த மாதமே. லிப்டன் சந்திக்குப் பக்கத்தில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது, உங்கள் கிளினிக்கிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்பதையும் வருடத்துக்கு ஒருக்கால் பார்க்க வேண்டும். பாதத்தை இரவில் படுக்கும்போது வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், விரலிடுக்கையும் சேர்த்து. மத்தியான வெயிலில் கோவில் வீதியில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். காலையிலோ மாலையிலோ போனாலும் சாமி இருப்பார்.

மூன்று மாதம் கழித்து அடுத்த எச்.பி.ஏ.1சி செய்வார்கள். எட்டு ஸ்ட்ரிப்பின் எண்களையும் ஒரு துண்டில் எழுதி, கூடின எண்ணைக் கூடினதாகவே கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்கு முந்திய மூன்று நாளும் வழக்கம்போலவே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.